மொட்டை மாடி ரோஜாவுக்கு உரமிடல்: ஓர் உரையும் சில மறுப்புகளும்

தொட்டி ரோஜாவுக்கு எந்த உரத்தை, எவ்வளவு, எப்போது இடுவது என்பதைச் செடியின் பசி தீர்மானிப்பதில்லை. அன்றைக்கு அடுக்களையில் மிஞ்சியதே தீர்மானிக்கிறது. இதை நிறுவுவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் ஆய்வுப் பொருளை வரையறுப்போம். ரோஜா எனப்படுவது, நர்சரியில் நிற்கும்போது பூவும் மொட்டுமாகக் குலுங்கி, வீட்டுக்கு வந்ததும் வேலைநிறுத்தம் செய்யும் முள்செடி. இந்நிறுத்தத்துக்குக் காரணம் சத்துக் குறைவு என்பது பெரும்பான்மைக் கட்சி. கண்பட்டுவிட்டது என்பது பாட்டிமார் கட்சி. "ரோஜாவுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும், நீங்கள் அதைத் தண்ணீர் டேங்க் நிழலில் வைத்திருக்கிறீர்கள்" என்பது சிறுபான்மைக் கட்சி. இக்கட்சியாரை யாரும் இரண்டாம் முறை காப்பிக்குக் கூப்பிடுவதில்லை.

பெரும்பான்மைக் கட்சிக்குள்ளும் உட்பிரிவுகள் உண்டு. அவற்றுள் மூத்தது டீத்தூள் மரபு. வடித்த டீத்தூளில் தழைச்சத்து இருக்கிறது. அது மட்கினால் மெல்ல மெல்லச் செடிக்குக் கிடைக்கும். இதை மறுப்பார் இலர். ஆனால் நம் வீட்டு டீத்தூள் தனியாக வருவதில்லை; பாலோடும் சர்க்கரையோடும் கொதித்துத்தான் வருகிறது. அலசாமல் கொட்டினால் முதலில் எறும்பு வரும். எறும்பு தன்னோடு மாவுப்பூச்சியையும் வாழவைக்கும்; மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புக்காக அதற்குக் காவல் நிற்பது எறும்பின் குலத்தொழில். ஆகவே டீத்தூள் மரபினர் வளர்ப்பது ரோஜாவையா எறும்பையா என்பது ஆராயத்தக்கது.

அடுத்தது முட்டையோட்டு மரபு. ஓட்டில் ஏறத்தாழ 95 விழுக்காடு கால்சியம் கார்பனேட். நன்கு பொடித்து, அமிலத்தன்மையுள்ள மண்ணில் கலந்தால் அது சிறுகச் சிறுகக் கரையும். இம்மரபினரோ பொடிப்பதில்லை, கையால் நொறுக்கித் தூவுகிறார்கள், சிலர் பாதி ஓட்டை அப்படியே கவிழ்த்தும் வைக்கிறார்கள். செடி பட்டுப்போய், தொட்டி உடைந்து, வீடே கைமாறிய பிறகும் அவ்வோடுகள் அப்படியே கிடக்கும். பிற்காலத் தொல்லியலாளர் இங்கே ஒரு கோழி வழிபாடு நிலவியதாக முடிவு செய்தால் நாம் பொறுப்பல்ல.

வாழைப்பழத் தோலில் சாம்பல்சத்து உண்டு, கொசுவும் உண்டு. மேலே செல்வோம்.

இவ்வளவும் ஏன் ரோஜாவின் தலையில் வந்து விழுகின்றன? இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. முன்பெல்லாம் வீட்டுப் புழக்கடையில் கழுநீர்ப் பானை என்று ஒன்று இருந்தது. அரிசி களைந்த தண்ணீர், காய்த் தோல், வடித்த கஞ்சி எல்லாம் அதில் சேரும். மாலையில் மாட்டுக்குப் போகும். வீட்டில் மாடில்லாதவர்க்குத் தெருக்கோடிப் பால்காரர் மாடு இருந்தது. அடுக்குமாடி வந்தது, மாடு போனது, கழுநீர் மட்டும் தங்கிவிட்டது. வாரிசில்லாத அந்தச் சொத்து முழுவதும் மொட்டை மாடி ரோஜாவின் பேருக்கு மாறியது. அற்றேல், மாட்டுக்குச் செரித்தது ரோஜாவுக்குச் செரியாதோ எனின், மாட்டின் இரைப்பைக்கு நான்கு அறை உண்டு. தொட்டிக்கோ அடியில் ஓர் ஓட்டை மட்டுமே உண்டு என்க.

அந்த ஓட்டையில்தான் தொட்டிக்கும் தரைப்பாத்திக்கும் உள்ள வேறுபாடெல்லாம் அடங்கியிருக்கிறது. பாத்தியில் நட்ட செடி, மேலே சத்து தீர்ந்தால் வேரை ஆழத்துக்கும் பக்கத்துக்கும் அனுப்பித் தேடிக்கொள்ளும். மண்புழு வேறு துணைக்கு உண்டு. கவாத்து முடிந்து துளிர்க்கும் வேளையில் ஒரு கூடை தொழுவுரம் போட்டுக் கொத்திவிட்டால் வெகுநாள் தாங்கும். தொட்டிச் செடிக்கு அந்த வசதியில்லை. ஊற்றுகிற தண்ணீரெல்லாம் ஓட்டை வழியே வெளியேறும்போது நைட்ரேட்டையும் கையோடு இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் தொட்டிக்குக் கொஞ்சங் கொஞ்சமாக, அடிக்கடி இட வேண்டும். நம்மவரோ மாதக்கணக்கில் மறந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானோதயம் பெற்று, மொத்தக் கடனையும் ஒரே தவணையில் அடைக்கிறார்கள்.

இவ்விடத்தில் லீபிக்கை அழைக்காமல் முடியாது. ஜெர்மனியின் இந்த வேதியியலர் 1840-இல் வெளியிட்ட நூலில், செடி மண்ணிலிருந்து எடுத்துக்கொள்வது மட்கை அல்ல, தாதுக்களையே என்று வாதிட்டார். தேவையான சத்துகளுள் எது ஆகக் குறைவோ அதுவே வளர்ச்சிக்கு எல்லை கட்டும் என்ற விதியையும் பரப்பினார். ஷ்பிரெங்கல் என்பவர் அதை அவருக்கு முன்பே சொல்லிவிட்டார். ஆனால் பேர் லீபிக்குக்குப் போயிற்று. அறிஞர் உலகிலும் பக்கத்துத் தொட்டிக்குப் பாய்ந்த உரம் உண்டு. நிற்க. லீபிக் ஆகக் குறைந்ததைத் தேடி இடச் சொன்னார். நாம் ஆக அதிகமாக மிஞ்சியதைத் தேடிக் கொட்டுகிறோம். இரண்டும் தேடல்தானே என்பாரை இவ்வாய்வு பொருட்படுத்தாது.

உரக்கடைக் கட்சி இதற்கெல்லாம் நேர் எதிர். அவர்கள் கையில் 19:19:19 என்ற பொட்டலம் இருக்கும். தழை, மணி, சாம்பல் மூன்றும் சம பங்கு. லிட்டருக்கு ஓரிரு கிராம் கரைத்து ஊற்றினால் போதும். கிராமை எதில் அளப்பது? ஸ்பூனில். எந்த ஸ்பூனில்? இங்கேதான் கட்சி உடைகிறது. சாம்பார்க் கரண்டிப் பிரிவினரின் தொட்டிகளை எளிதில் அடையாளம் காணலாம்: மண்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், இலை விளிம்பு கருகியிருக்கும். பரிகாரம், ஓட்டை வழியே வழிந்தோடும்படி நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி மண்ணை அலசுவது. யூரியாவை அள்ளி வைத்தவர்க்கு வேறு பலன்: 46 விழுக்காடு தழைச்சத்து தன் வேலையைக் காட்டிச் செடி கொழுகொழுவென்று இலையாகவே நிற்கும். அதிலும், ஒட்டுக்குக் கீழே காட்டு வேரிலிருந்து கிளம்பிய தண்டை "எவ்வளவு செழிப்பு பார்" என்று கொண்டாடி, அதற்கே உரம் வைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

எஞ்சியிருப்பது மீன் கழுவிய தண்ணீர். அதை ஊற்றினால் ரோஜா பூத்துத் தள்ளும் என்று ஊற்றுகிறவர்கள் சத்தியம் செய்கிறார்கள். பூனைகளும் அக்கருத்தை ஏற்று, இரவில் தொட்டியைத் தோண்டி நேரில் ஆராய்கின்றன. காற்றுவாக்கில் கீழ்வீட்டுக்காரர் தெரிவிக்கும் ஆட்சேபம் மட்டுமே இதுவரை கிடைத்துள்ள எதிர்ச்சான்று. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் அது இரண்டு முறை விவாதத்துக்கு வந்து ஒத்திவைக்கப்பட்டிருப்பதால், தீர்ப்பு வரும்வரை மீன் பற்றிய இயல் எழுதப்படாமல் நிறுத்திவைக்கப்படுகிறது.