ஒண்டும் செய்யாது

கல்கிசையில் ஒரு தமிழனின் இரைப்பைக்குள் கமெரா விடப்போகிறார்கள் என்றால், கமெரா உள்ளே போக முன்னமே செய்தி கொட்டாஞ்சேனைக்குப் போய்விடும். என் மனிசி வெள்ளவத்தைச் சந்தையில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொன்னாவாம். அன்று பின்னேரமே அனுபவசாலிகள் வரத் தொடங்கினார்கள்.

"ஒண்டும் செய்யாது தம்பி," என்றார் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர். "மூச்சு நிண்டுபோன மாதிரி இருக்கும். ஆனா நிக்காது." மற்றவர் இன்னும் அன்பானவர். தனக்கு வந்த ஓங்காளத்தை என் தேத்தண்ணிக்கு முன்னாலேயே நடித்துக் காட்டினார்.

சனல் பண்ணிப் பார்த்த டொக்டரும் "சின்ன ரியூப், ஒண்டும் செய்யாது" என்றுதான் சொன்னார். அதையும் என் மகனைப் பார்த்துச் சொன்னார். வயிறு என்னுடையது, விளக்கம் வங்கியில் வேலைசெய்யும் மகனுக்கு. வீட்டுக்கு வந்ததும் லண்டன் தங்கச்சியும் ரொறன்ரோ மச்சானும் வட்ஸ்அப்பில் கூடி, எனக்குச் செய்யலாம் என்று ஏகமனதாகச் சம்மதித்தார்கள்.

1868இல் ஜேர்மனியில் அடோல்ஃப் குஸ்மௌல் என்ற வைத்தியர் வளையாத உலோகக் குழாயை இரைப்பைக்குள் விட்டுப் பார்க்க ஆள் தேடியபோது, வாள் விழுங்கும் வித்தைக்காரன் ஒருவனைத்தான் பிடித்தார். வாளுக்குப் பழகிய தொண்டை. எனக்கு ஒரு பனடோல் இறங்கவே இரண்டு கிளாஸ் தண்ணி வேணும். வளையும் கண்ணாடியிழைக் குழாயை உருவாக்கிய பசில் ஹேர்ஷோவிற்ஸ் 1957இல் அதை முதலில் தன் தொண்டைக்குள்ளேயே விட்டார். அப்படியொருவர் என்னிடம் "ஒண்டும் செய்யாது" என்றால் நம்பலாம். அதே வருடம் லண்டனில் போலம் வழக்கு நடந்தது: மின்னதிர்ச்சிச் சிகிச்சையில் எலும்பு முறிந்த ஒருவர், ஆபத்தை முதலே சொல்லவில்லை என்று முறையிட்டுத் தோற்றார். மற்ற வைத்தியர்களும் அப்படித்தான் செய்வார்கள் என்றால் சரியாம். நோயாளிக்கு எது முக்கியமோ அதைச் சொல்லத்தான் வேண்டும் என்று பிரித்தானிய உச்ச நீதிமன்றம் தீர்க்க 2015 வரை, மொன்ட்கொமரி வழக்கு வரை, பொறுக்கவேண்டியிருந்தது. எனக்கு என்ன முக்கியம் என்று மட்டும் இன்னும் ஒருவரும் கேட்கவில்லை.

கமெரா விடும் நாளன்று வெறும் வயிற்றோடு இருந்த என்னிடம் மிஸ்ஸி ஒரு படிவத்தை நீட்டி, "இதில கையெழுத்து வையுங்கோ அங்கிள்" என்றா. நான் கண்ணாடியைப் போட்டேன். "வாசிக்கப் போறீங்களோ?" என்று கேட்டா, ஏதோ நான் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போகப்போவது போல. குடலில் துளை விழலாம், இரத்தம் போகலாம், மருந்து ஒத்துக்கொள்ளாமல் விடலாம் என்று எல்லாம் ஒழுங்காக இருந்தது. என் பயம் மட்டும் அதில் இல்லை.

"வாய்க்குள்ள ரியூப் இருக்கேக்க, நிப்பாட்டச் சொல்லவேணுமெண்டால் என்னெண்டு சொல்லுறது?"

மிஸ்ஸி கொஞ்சம் யோசித்தா. "கையை உயர்த்துங்கோ. டொக்டர் நிப்பாட்டுவார்."

இவ்வளவுதான். இரவு முழுக்க மாஸ்டர் அடைத்து வைத்திருந்த மூச்சு அப்போதுதான் எனக்கு வந்தது. சந்தோசமாகக் கையெழுத்து வைத்தேன். இந்த ஒரு வரியைப் படிவத்தின் தலைப்பில் அச்சடித்தால் நாட்டில் பாதிப் பேருக்கு இரத்த அழுத்தம் இறங்கும் என்பது என் கணிப்பு.

பிறகு இடப்பக்கம் சரித்துப் படுக்கவைத்தார்கள். இடது கை உடம்புக்குக் கீழே. வலது கையில் ஊசி. அது அசையாமல் மிஸ்ஸியே இறுக்கிப் பிடித்திருந்தா. எந்தக் கையை உயர்த்துவது என்று கேட்கலாம் என்றால் வாய்க்குள் வளையத்தை வைத்துவிட்டார்கள். மயக்க மருந்து நினைவையும் சேர்த்தே கொண்டுபோனது. நான் கையை உயர்த்தினேனா இல்லையா என்பது டொக்டருக்கும் மிஸ்ஸிக்கும்தான் வெளிச்சம்.

வெளிக்கிடும்போது ஒரு துண்டு தந்தார்கள்: 24 மணித்தியாலத்துக்கு வாகனம் ஓட்டக்கூடாது, சட்டப் பத்திரம் எதிலும் கையெழுத்து வைக்கக்கூடாது. ஊர்க் காணிக்கு அற்றோணித் தத்துவம் கேட்டுப் பல மாதமாக என்னை நெருக்கிக்கொண்டிருந்த ரொறன்ரோ மச்சானுக்கு அதைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

அடுத்த நாள் சரியாக அதே நேரத்துக்குப் போன் அடித்தது. றிப்போட் என்ன சொல்லுது என்று அவன் கேட்கவில்லை.

"மயக்கம் தெளிஞ்சிட்டுதோ அத்தான்?"