சார்ஜர் நிழலில் டீசல் வண்டி: சேலம் - நாமக்கல் சமவெளியை முன்வைத்து ஓர் ஆய்வு

மின்சாரக் கார்கள் சார்ஜ் ஏற்றிக்கொள்வதற்காகப் பச்சைப் பெயின்ட் அடித்து ஒதுக்கிய இடத்தில் பெட்ரோல், டீசல் வண்டிகள் வந்து நிற்பது ஏன் என்பதே இவ்வாய்வின் பொருளாகும். தேசிய நெடுஞ்சாலை 44-இல் சேலம் கொண்டலாம்பட்டி தொடங்கி நாமக்கல் வரையிலான சுமார் 50 கிலோமீட்டர் இதன் எல்லை. இரண்டு சித்திரையும் ஒரு வைகாசியும் இதன் காலம். ஆய்வாளர் கண்ணால் கண்டவை முதன்மை ஆதாரங்களாகவும், சாலையோர ஓட்டல் ஒன்றின் செக்யூரிட்டி அண்ணன் சொன்னவை துணைமை ஆதாரங்களாகவும் கொள்ளப்பட்டன. நெறியாளரும் அவரே. நிதி நல்கை ஏதும் கிடைக்கவில்லை. காத்திருந்த நேரத்தில் குடித்த காபி அத்தனையும் ஆய்வாளரின் சொந்தச் செலவு.

ஆய்வாளரிடம் இருப்பது 30 யூனிட் பேட்டரி உள்ள கார். விளம்பரத்தில் முந்நூறு கிலோமீட்டர் ஓடும், ஏ.சி. போட்டால் இருநூறு. மதுரையிலிருந்து சேலம் சுமார் 230 கிலோமீட்டர். அந்த முப்பது கிலோமீட்டர் பற்றாக்குறையில் பிறந்ததுதான் இந்த ஆய்வு. நாமக்கல் மலைக்கோட்டை கண்ணில் படும்போது வண்டியின் திரையில் 10 சதவீதம் என்று காட்டும். ஆஞ்சநேயருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு சார்ஜரைத் தேட வேண்டியதுதான். பெட்ரோல்காரருக்கு பங்க்கில் மூன்று நிமிட வேலை. 30 கிலோவாட் சார்ஜரில் நம் வண்டிக்கு ஒரு மணி நேரம் ஆகும். அதிலும் 80 சதவீதத்தைத் தாண்டினால் பேட்டரி, வயிறு நிறைந்தவன் பாயசத்தைப் பார்ப்பதுபோல மெதுவாகத்தான் வாங்கும். அந்த இடமும் கிடைக்காமல் யார் வீட்டிலாவது 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டினால், அந்த வீட்டிலேயே ராத்தங்கல்.

முன்னோர் ஆய்வுகளுக்கு வருவோம். இந்தக் குற்றத்துக்கு அமெரிக்காவில் தனிச் சொல்லே உண்டு. உள்ளெரி எஞ்சினுக்கான ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தால் ‘ஐஸ்’ என்று வரும். அதனால் சார்ஜர் இடத்தை அடைத்தவனை ‘ஐஸ் வைத்துவிட்டான்’ என்கிற தொனியில் பேசுவார்கள். நம்மூரில் ஐஸ் வைப்பது வேறு. இடத்தை அடைத்தவருக்கு, வண்டியை எடுக்கச் சொல்லி நாம் வைக்க வேண்டியது அது. 2018 இறுதியில் வட கரோலினா மாநிலத்து ஹிக்கரி நகரில் பிக்கப் டிரக்காரர்கள் சிலர் டெஸ்லா சார்ஜர்களை வேண்டுமென்றே மறித்து நின்றார்கள். 2019-இல் கொலராடோ மாநிலம் இதற்கு 150 டாலர் அபராதம் என்று சட்டமே போட்டது. டெஸ்லாவோ 2016 டிசம்பரிலேயே, சார்ஜ் முடிந்தும் நகராத தன் வாடிக்கையாளர்களுக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. நார்வேயில் 2024-இல் விற்ற புதுக் கார்களில் நூற்றுக்கு எண்பத்தொன்பது மின்சாரத்தில் ஓடுபவை. அங்கே போனால் ஆய்வுக்குப் புது டீசல் வண்டி கிடைப்பதே கஷ்டம்.

மேலைநாட்டார் இதைப் பகை என்று கொண்டார்கள். சமவெளித் தரவுகள் அதை ஏற்கவில்லை. பகை இருந்திருக்க நியாயம் உண்டு. நாமக்கல் என்றால் லாரி, டேங்கர், பாடி கட்டும் பட்டறை. பக்கத்துத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடு முழுக்கப் போய் போர் போடுகின்றன. இந்தப் பக்கத்துச் சோறு பெரும்பாலும் டீசலில் வெந்தது. ஆனாலும் ஒருவர்கூடக் கோபத்தில் நிறுத்தவில்லை. மாறாக, என் வண்டியைச் சுற்றி வந்து, “சத்தமே இல்லீங்களே, எத்தன கிலோமீட்டர் குடுக்குதுங்க?” என்று பாசமாக விசாரித்தார்கள். தங்கள் வண்டியை மட்டும் நகர்த்தவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நெடுஞ்சாலையின் இரு புறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு சார்ஜிங் நிலையம் வேண்டும் என்றது. 2019-இல் மாதிரிக் கட்டட விதிகளில் செய்த திருத்தம், வண்டி நிறுத்துமிடத்தின் கொள்ளளவில் 20 சதவீதத்துக்குச் சார்ஜ் வசதி கேட்கிறது. யார் வண்டி எது என்று தெரிய, 2018-லேயே பச்சை நம்பர் பலகையும் வந்துவிட்டது: சொந்த வண்டிக்கு வெள்ளை எழுத்து, வாடகை வண்டிக்கு மஞ்சள் எழுத்து. ஆக, பானெட்டைத் திறந்து பார்க்காமலே ஆளைப் பிடிக்கலாம். பிடித்த பிறகு எழுப்புகிற வேலை, களத்தில், செக்யூரிட்டி அண்ணனின் தொண்டைக்குத்தான் விடப்பட்டிருக்கிறது.

அடுத்து கல்வெட்டுச் சான்று. ஆய்வின் முதல் சித்திரையில் அந்த ஓட்டலின் சார்ஜர் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஈ.வி. ஒன்லி’ என்று மட்டும் எழுதியிருந்தது. பள்ளிபாளையத்துப் பெரியவர் ஒருவர் அதை நின்று நிதானமாகப் படித்துவிட்டு, “ஏனுங்க, ‘ஆர்’ அழிஞ்சுபோச்சுங்களா?” என்று கேட்டார். காவிரிக்கு அக்கரை ஈரோடு. ஈ.வி. என்று தொடங்கினால் அந்தப் பக்கத்தில் அது ஆரில்தான் முடியும். மறு மாதம் தமிழிலும் எழுதினார்கள்: ‘மின்சார வாகனங்களுக்கு மட்டும்’. அதற்குப் பிறகும் டீசல் நின்றது. எனவே, இது மொழிச் சிக்கல் என்ற முதல் கருதுகோள் கைவிடப்பட்டது.

கைவிடும் முன் ஓர் இலக்கணக் குறிப்பு. இதே ஊர்களில் வீட்டு கேட்டுகளில் ‘மீறி நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்’ என்று எழுதியிருக்கும். அதற்குக் கட்டுப்படுகிறார்கள். அங்கே செயப்பாட்டு வினை வேலை செய்கிறது. பிடுங்கப்போவது யார் என்று சொல்லாததால், திண்ணையில் இருக்கும் பாட்டி முதல் எதிர்வீட்டுப் பையன் வரை எல்லோரையும் பார்த்துப் பயப்பட வேண்டியிருக்கிறது. சார்ஜர் பலகையிலோ வினையே இல்லை.

இனி களப்பணி. இரண்டாம் சித்திரை, மதியம் ஒன்றே கால். சேலத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற பருவம். சார்ஜருக்குத் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், அதன் கீழ் இரண்டு இடங்கள். ஓரிடத்தில் மூன்று ஸ்கூட்டர்கள். அவற்றில் ஒன்று ஓசூரில் செய்த மின்சார ஸ்கூட்டர். முறைப்படி அதுவும் பலகைக்கு உட்பட்டதே. ஆனால் கார் சார்ஜரின் துப்பாக்கி அதற்குள் நுழையாது. அதை உணர்ந்தவராகவே அதன் சொந்தக்காரர் துப்பாக்கியின் கைப்பிடியில் தன் ஹெல்மெட்டை மாட்டிவிட்டுப் போயிருந்தார். மற்ற இடத்தில் வெள்ளை நிற டீசல் கார். டேஷ்போர்டில் காய்ந்த மல்லிகைச் சரம். இடது முன்சக்கரம் சார்ஜர் கேபிளின் மேல் ஏறி நின்றது. கைத்தடிப் பருமன் கறுப்புக் கேபிள், சாரைப்பாம்பைக் காலில் மிதித்த மாதிரி, இரண்டு பக்கமும் லேசாகத் தலையைத் தூக்கியிருந்தது.

“யாருதுண்ணா இது?”

“அஞ்சு நிமிசத்துல வந்தர்றேன்னு சொல்லிட்டுப் போனாருங்க.”

“எப்பப் போனாரு?”

“பன்னண்டே முக்காலுக்குங்க.”

‘அஞ்சு நிமிசம்’ என்னும் அளவையைப் பற்றித் தனி இயலே எழுதலாம். கைக்கடிகாரத்தால் அளந்ததில் அது டீக்கு 22 நிமிடமாகவும், மீல்ஸுக்கு 50 நிமிடமாகவும், மீல்ஸோடு பீடாவும் பெங்களூரிலிருந்து மச்சினன் போனும் சேர்ந்தால் ஒன்றேகால் மணி நேரமாகவும் விரிந்தது. சார்ஜ் ஏறவும் ஏறக்குறைய அதே நேரம்தான். அதாவது, அவர் சாப்பிடுகிற நேரத்தில் என் வண்டியும் சாப்பிட்டு முடித்திருக்கும்.

வெள்ளைக் கார்க்காரர் ஈரக் கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். சண்டைக்குத் தயாராக இருந்த ஆய்வாளரைப் பார்த்து, “கோவிச்சுக்காதீங்க. வெயில்ல எப்படீங்க நிறுத்தறது?” என்று டிக்கியைத் திறந்து காட்டினார். பழைய பெட்ஷீட்டை விலக்கினால் அட்டை அட்டையாக முட்டை, அட்டைக்கு முப்பது. மகள் வீட்டு விசேஷத்துக்குக் கொண்டுபோகிறாராம். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, “தொட்டுப் பாருங்க” என்றார். நிழலில் நின்ற வண்டியிலிருந்து எடுத்ததே வெதுவெதுப்பாக இருந்தது, இப்போதுதான் இட்டதுபோல. போகும்போது ஆறு முட்டைகளை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். தகவலாளரிடம் ஆய்வாளர் அன்பளிப்பு பெறலாமா என்று நெறியாளரைக் கேட்கப் போனேன். அவர் கையில் நான்கு இருந்தது.

அந்த முட்டைதான் இரண்டாம் கருதுகோளைத் தந்தது. இங்கே சண்டை எரிபொருளுக்கு இல்லை, நிழலுக்கு. சூடேறினால் சார்ஜர் தானாகவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும், மழையும் ஆகாது. அதனால் அதற்குக் கூரை போடுகிறார்கள். நாற்பது கார் நிற்கும் வெட்டவெளியில் கூரை உள்ள இடம் அது ஒன்றுதான்.

கருதுகோளைச் சோதிப்பது எளிதாக இருந்தது. மாலை ஆறு மணிக்கு மேல் சார்ஜர் இடத்தை ஒருவரும் சீண்டவில்லை. மேகம் மூடிய நாளிலும் அப்படியே. பிற்பகல் நான்கு மணிக்குக் கூரையின் நிழல் கிழக்கே சாய்ந்து பச்சைக் கோட்டைத் தாண்டும். வண்டிகளும் கோட்டைத் தாண்டிப் போய் நின்றன. (நகரத்து அடித்தளப் பார்க்கிங்கில் எல்லா இடமும் நிழல்தானே என்று கேட்கலாம். அங்கே லிஃப்ட்டுக்குப் பக்கம் என்பதற்காக நிற்கிறார்கள். அது ஓர் எம்.ஃபில். தலைப்பு. எம்.ஃபில்.லையே நிறுத்திவிட்டார்கள்.)

இதன் வரலாற்றுப் பின்னணி சாலையிலேயே கிடக்கிறது. 2010-இல் எண் மாற்றும் வரை இந்தச் சாலைக்கு 7 என்று பெயர். அந்த ஏழின் ஓரங்களில் புளியமரங்கள் நின்றன. நான்கு வழியாக அகலப்படுத்தியபோது அவை போயின. அந்தக் காலத்தில் காரோ மாட்டுவண்டியோ, எந்த மரத்தடியிலும் ஓரங்கட்டிக் கட்டுச்சோற்றைப் பிரிக்கலாம். நெடுஞ்சாலைத் துறை புளியைத்தான் ஏலம் விட்டது, நிழலை ஏலம் விடவில்லை. புளியமர நிழலில் நிறுத்திப் பழகிய கைதான் இன்றைக்கும் நிழல் கண்ட பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்புகிறது என்பது ஆய்வாளர் துணிபு.

நிழல் சாத்திரம் தெரியாத ஊருமில்லை இது. நாமக்கல் கோழிப்பண்ணைக் கொட்டகைகளைப் பாருங்கள். கிழக்கு மேற்காகத்தான் நீளும், வெயில் நேரே உள்ளே இறங்காதபடி. கோடையில் கூரைமேல் தண்ணீர் தெளிப்பான் சுற்றும். சூடு ஏறினால் கோழி தீனி எடுக்காது, முட்டை குறையும், ஓடும் மெலியும். கோழிக்கு இத்தனை யோசித்திருக்கிறார்கள். முட்டையை வாங்கிப் போகிறவரின் வண்டிக்குத்தான் யாரும் யோசிக்கவில்லை.

ஆய்வு நேர்மை கருதி ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு முறை 100 சதவீதம் ஏறிய பிறகும், தயிர்சாதம், ஒரு காபி, ஒரு செய்தித்தாள் முடியும் வரை ஆய்வாளர் தன் வண்டியை அந்த ஷெட்டை விட்டு எடுக்கவில்லை. வெளியே சரியான வெயில். இத்தரவு விதிவிலக்கானது எனக் கருதி விலக்கப்பட்டது.

நெறியாளரும் சும்மா இருக்கவில்லை. முதலில் இடத்தின் நடுவே ஒரு கல் வைத்தார். லாரிச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்துப் பழகிய மண். வந்தவர் இறங்கி அதே கல்லை எடுத்துத் தன் பின்சக்கரத்துக்கு அண்டக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்து பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். வந்தவரின் மாமியார் அதை ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கடைசியில் நாற்காலியின் மேல் தன் துண்டை விரித்தார். சேலம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியே துண்டு போட்டு சீட் பிடித்து வளர்ந்த மக்கள். பச்சைப் பெயின்ட்டையும் பலகையையும் மதிக்காதவர்கள் துண்டை மதித்தார்கள். மூன்று நாள் அந்தப் பக்கம் ஒரு டீசல் வண்டி வரவில்லை. நான்காம் நாள் அண்ணன் துண்டைத் துவைக்கப் போட்டார்.

ஆய்வாளரின் பரிந்துரை ஒன்றே ஒன்று: மற்ற வண்டிகளுக்கும் நிழல் கட்டுங்கள். கல்லாவில் இருந்த முதலாளியிடம் இதைச் சொன்னபோது பில்லிலிருந்து தலை நிமிராமல், “பண்ணிடலாங்க” என்றார். அதை ‘அஞ்சு நிமிசம்’ வகையில் சேர்த்துவிட்டு வந்தேன். ஆனால் வைகாசியில் போனால், சார்ஜருக்கு எதிர்ச்சாரியில், நாற்றுப்பண்ணையில் கட்டுகிற பச்சை நிழல்வலையைச் சவுக்குக் கம்பு நட்டு நீளக் கட்டியிருந்தார். டீசலும் பெட்ரோலும் அதன் கீழே வரிசையாக நின்றன. சார்ஜர் இடம் இரண்டும் காலி. நாற்காலியைக்கூட எடுத்துவிட்டார்கள்.

வலைக்கடியில் முதல் இடத்தில் ஒரு பச்சை நம்பர் வண்டி நின்றது. சேலத்துக்காரர், கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே போட்டு, நுங்கு தின்றுகொண்டிருந்தார்.

“சார்ஜ் போடலீங்களா?”

“போடோணுங்க. எட்டு பர்சன்ட்தான் இருக்குது. அந்தத் தகரத்துக்கு அடியில அனல் அடிக்குதுங்க, இங்கதான் காத்து வருது. ஒரு அஞ்சு நிமிசம், வெயில் தாழட்டும்னு பாக்கறேன்.”