எழுத்து ஆங்கிலம், பாட்டு தெலுங்கு, தாத்தா வலங்கைமான்

செத்தவரைப் பாடையில் தூக்குவது உலக வழக்கம். பிழைத்தவரைத் தூக்குவது வலங்கைமான் வழக்கம். நோயிலிருந்து மீண்டவர்கள் பங்குனியில் மாரியம்மனுக்குப் பாடைக் காவடி எடுப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு, ஆடாமல் அசையாமல். அந்த ஊர்த் தாத்தா ஒருவருக்கு இந்த வேண்டுதல் வாய்க்கவேயில்லை. அமெரிக்க விமானத்தில் ஏறி, கண்ணை மூடி அசையாமல் கிடந்ததில் அந்தக் குறை தீர்ந்தது.

மகள் வீடு ஓஹியோவில், கிளீவ்லாந்து பக்கம். 1978 முதல் அங்கே தியாகராஜ ஆராதனை நடக்கிறது. திருவையாற்றில் புஷ்ய பகுள பஞ்சமி. கிளீவ்லாந்தில் ஈஸ்டரை ஒட்டி. தாத்தா பஞ்சாங்கத்தைப் புரட்டினார்.

“திதியை யாரும்மா குறிச்சா?”

“லீவுப்பா.”

அடுத்த அதிர்ச்சி பேத்தியின் கையில் இருந்தது. பஞ்சரத்ன கீர்த்தனைகள் ஐந்தும் ஆங்கில எழுத்தில்! காவிரித் தண்ணீர் குடித்த உடம்பு பொறுக்குமா? பாஷை போச்சு, பண்பாடு போச்சு என்று ஆரம்பித்தார்.

“நீங்க எதைப் பாத்துப் பாடுவீங்க தாத்தா?”

கும்பகோணத்தில் வாங்கிய தமிழ்ப் புத்தகம். அட்டை போய்விட்டது, காபிக் கறை இருக்கிறது. நாட்டை ராகத்தில் இருப்பது சம்ஸ்கிருதம், மற்ற நான்கும் தெலுங்கு. தமிழ் அதற்கு எழுத்தை மட்டும் இரவல் கொடுத்திருக்கிறது. அதுவும் பற்றவில்லை, தெலுங்கில் நான்கு ‘க’ என்பதால் நம் ஒற்றைக் ‘க’வின் தலைமேல் 2, 3, 4 என்று பொடி எண்கள். வயதான கண்ணுக்கு அவை எறும்பு. நாலு ‘க’வையும் தாத்தா சமத்துவமாகவே பாடிவந்தார். பேத்தியின் தாளிலோ நான்கும் நான்கு விதம். வெளிநாட்டுப் பிள்ளைகளைக் குறைசொல்லும் நம்மவர் யாரும் இந்தப் பொடி எண்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவ்வளவு ஏன், பக்கவாத்தியமான பிடிலே ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான்.

தாத்தா கடைசி அஸ்திரத்தை எடுத்தார்: வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. 1869-இல் அந்த ஊரில் பிறந்தவர். 1927-இல் இந்திய அரசின் ஏஜென்டாகத் தென்னாப்பிரிக்கா போய், அங்கே குடியேறிய நம் ஜனங்களுக்காக வாதாடியவர். டர்பனில் சாஸ்திரி கல்லூரி அவர் முயற்சியால் எழுந்தது. “கடல் கடந்தும் ஊர்க்காரராவே இருந்தார்!”

சமையலறையிலிருந்து மகள் கேட்டாள்: “1944-ல மெட்ராஸ்ல ராமாயணம் சொன்னாரே, எந்த பாஷையிலப்பா?”

ஆங்கிலத்தில். ஒன்றல்ல, முப்பது சொற்பொழிவு.

ஆராதனையன்று வெளியே குளிர் வாட்டியது. உள்ளே ஆரபி ராகக் கீர்த்தனை தொடங்கியதும் தாத்தா சட்டைப்பையைத் துழாவினார். கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பேத்தியின் தாள் நல்ல பெரிய எழுத்து.

ஊர் திரும்பிய பெட்டியில், பேரீச்சம்பழப் பொட்டலத்துக்கும் வலி மாத்திரைக்கும் நடுவே, அந்தத் தாளின் நகல் இரண்டு இருந்தன.