ஹோம் தியேட்டர் புணரியல்

காஞ்சிபுரத்தில் புணர்ச்சி விதி பற்றிய சச்சரவு புதிதன்று. குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, ‘திகழ்’, ‘தசக்கரம்’ இரண்டும் சேர்ந்து ‘திகடசக்கரம்’ ஆவதற்கு விதி எங்கே என்று முதற்சொல்லிலேயே மடக்கினார்களாம். சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்தைக் கொண்டுவந்து காட்டிய பிறகே அரங்கேற்றம் நகர்ந்தது என்பது மரபுக் கதை. அதே ஊரின் பிள்ளையார்பாளையத்தில், தறி வீடொன்றில் அண்மையில் எழுந்த ஐயம் இது: பழைய டிவியும் புது ஹோம் தியேட்டரும் புணருமா?

நிலைமொழி, 2006-இல் தொடங்கிய அரசின் இலவசத் திட்டத்தில் வந்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி. வருமொழி, வீட்டு மாப்பிள்ளை வாங்கிவந்த 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கரும், அடித்தொனிக்கென்று ஒரு கனத்த பெட்டியும்.

படம் தெரியும்போது ஒலிக்கு ஏன் இத்தனை பாடு எனின், தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவர் கண் நூலை விட்டு அகலாது. நெசவாளர் வீட்டில் டிவி பார்க்கப்படுவதில்லை, கேட்கப்படுகிறது. நாடா ஓடும் சத்தத்தில் சின்னப் பெட்டியின் குரல் எடுபடாது. சீரியலில் அழுவது மாமியாரா மருமகளா என்று தெரியாமல் ஒருவர் எத்தனை முழம் நெய்வார்?

இனி விதிகள்.

இயல்பு: மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளை இடப்பக்க ஒலிக்கு, சிவப்பு வலப்பக்கத்துக்கு. நிறத்தோடு நிறம் சேர்த்தால் போதும் என்பர் ஒரு சாரார். அது பொருந்தாது. இந்த டிவியின் துளைகள் வாங்குவன, கொடுப்பன அல்ல. நிறம் பார்த்துச் செருகிய மாப்பிள்ளை அரைநாள் ரிமோட்டைத் தட்டியும் மௌனமே விடை.

சாரியை: ‘மரம்’, ‘ஐ’ சேர நடுவில் ‘அத்து’ வருவதுபோல, இங்கே செட்டாப் பாக்ஸ். அதன் மஞ்சள் டிவிக்குப் போகட்டும்; வெள்ளையும் சிவப்பும் நேரே ஹோம் தியேட்டருக்கு.

விகாரம் மூன்று.

கெடுதல்: டிவியின் சொந்தக் குரல். ஒலி வயர் அதற்குப் போகாததால் தானே அடங்கும்.

திரிதல்: இரண்டு வயரில் வந்த ஒலி ஆறு பெட்டிக்குப் பங்காவது. இது உண்மையான 5.1 ஆகாது. முதுகுப்பக்கம் கேட்பது, முன்னால் கேட்டதையே பிரித்தும் தள்ளிப்போட்டும் காட்டும் சாமர்த்தியம்.

தோன்றல்: ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல். கேபிள் வழி வரும் எர்த்தும் வீட்டு எர்த்தும் ஒத்துப்போகாதபோது, மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ஒலி வயரில் ஏறிக்கொள்கிறது. கேபிளைக் கழற்றிப் பார்க்க. இரைச்சல் நின்றால் குற்றம் அவ்வழியே வந்தது. சீரியலும் உடன் நிற்குமாதலின் இது சோதனையே, தீர்வன்று.

ஆய்வுக்குரிய வீட்டில் மூன்று விகாரமும் ஒருங்கே நிகழ்ந்தன. ஆயினும் காலை முழுதும் இரைச்சல் எவர் காதிலும் விழவில்லை. மதியம் சோற்றுக்கு எழுந்தபோதுதான் விழுந்தது.

“ஏன் மாப்ள, தறி நின்னா உங்க பொட்டி பாட ஆரம்பிக்குதே?” என்றார் பாட்டி. பிறகு அவரே எழுந்து சுவிட்சை அணைத்து, சாப்பிடும் நேரத்தில் டிவி கூடாது என்று விதி செய்தார்.

சோழநாட்டிலிருந்து எவரேனும் வரும்வரை இவ்விதியே செல்லும் என்க.