உன்ரை யாழ்தேவிக்குத் தண்டவாளம் எங்கை, மோனை?

வா மோனை, இப்பிடி இரு. அந்த ஃபோனை ஒருக்கா மேசையிலை கவிட்டு வை. அது மினுங்க மினுங்க உன்ரை கண் அங்கை ஓடுது. நான் ஆரோடை கதைக்கிறன் எண்டு எனக்கே விளங்கேல்லை.

நாவல் எழுதுறியாம். கிழமைக்கு ஒரு அத்தியாயம் உங்கடை வாட்ஸ்அப் குழுவிலை போடுறியாம். கொம்மா பெருமையாய்ச் சொன்னா. கொண்ணன் அனுப்பி, நானும் ஆறாம் அத்தியாயம் வாசிச்சன். சோக்காய்த்தான் இருக்கு. 1996 மார்கழியிலை உன்ரை கதாநாயகன் யாழ்தேவியிலை வந்து காங்கேசன்துறை ஸ்டேசனிலை இறங்குறான். தேத்தண்ணிக் கடையிலை நிண்டு ஒரு பாட்டுக் கேக்கிறான். பிறகு சீமெந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போறான்.

நல்ல பெடியன். எனக்கு அவனைப் பிடிச்சுக்கொண்டுது. எண்டாலும், அந்த நாளையிலை சண்டையாலை வவுனியாவுக்கு இஞ்சாலை ரயிலே இல்லை. தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் பங்கருக்குப் போட்டுது. தொழிற்சாலை 1990 இலை மூடினது, மூடினதுதான். ஊர்ச்சனமும் அதே ஆண்டு கையிலை அகப்பட்டதோடை வெளிக்கிட்டுது. ரயில் திரும்பக் காங்கேசன்துறையைப் பார்க்க 2015 தை பிறக்கவேண்டியிருந்தது. இவ்வளவுக்குள்ளையும் உன்ரை ஆள் பெட்டியும் கையுமாய் வந்து இறங்குறான் எண்டால், அவன் சித்தனாய்த்தான் இருக்கவேணும். அதைக் கதையிலை ஒரு இடத்திலை சொல்லிவிடு.

அதுக்குக் கீழை என்ன கிடக்குது? ‘அருமை.’ ‘தொடருங்கள்.’ ‘கண் கலங்கிவிட்டது.’ எனக்கும் கண் கலங்கினது உண்மைதான், காரணம்தான் வேறை.

உங்கடை குழுவிலை எங்கடை ஊராக்கள் ஒருத்தரும் இல்லையோ எண்டு கொண்ணனைக் கேட்டன். இருக்கினமாம். மல்லாகம் அகதி முகாமிலை கிடந்து வளர்ந்த பிள்ளையளே இருக்குதுகளாம். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. திறப்பினமோ? நாளைக்கு அவையின்ரை அத்தியாயம் வருகுதெல்லே! கலியாண வீட்டு என்வலப் மாதிரித்தான் உதுவும். நீ வைச்சதைக் கொப்பியிலை எழுதி வைச்சு, உன்ரை வீட்டு விசேசத்துக்கு அதே காசைத் திருப்பி வைப்பினம். ஒரு சதம் கூடாது, குறையாது. அதாலை அந்தக் குழுவைக் குழப்பிப்போடாதை, ராசா. விடிய எழும்பி எல்லாற்றை கதைக்கும் ஒரு பூ வை. வாசிச்சுப்போட்டு வைக்கவேணும் எண்டில்லை. வாசிச்சால் சிலவேளை வைக்க மனம் வராது.

முந்தின ஆக்களுக்கு உந்தச் சூட்சுமம் தெரியேல்லை, பாவங்கள். 1943 இலை யாழ்ப்பாணத்திலை மறுமலர்ச்சிச் சங்கம் எண்டு கொஞ்ச இளந்தாரியள் கூடினவை. வரதர், அ.செ.முருகானந்தன், அ.ந.கந்தசாமி, மஹாகவி எண்டு எல்லாம் உன்ரை வயசுக்காரர். 1946 இலை ‘மறுமலர்ச்சி’ எண்டு சஞ்சிகையும் அடிச்சவை. எழுதினவனும் வாசிச்சவனும் ஒரே வாங்கிலை குந்தியிருந்தால், பூ வைச்சுப்போட்டு ஓட ஏலுமே?

குரும்பசிட்டிக் கனக செந்திநாதனை அறிவியோ? வாத்தியார். ஆர் எந்தப் பத்திரிகையிலை என்ன எழுதினது எண்டு அவ்வளவும் தலைக்குள்ளை. ‘நடமாடும் நூல்நிலையம்’ எண்டுதான் சனம் சொல்லும். அதே ஊர்ப் பொன்னையாதான் 1930 இலை தொடங்கி ‘ஈழகேசரி’ப் பத்திரிகையைச் சுன்னாகத்திலை இருந்து நடத்தினவர். வாத்தியார் இண்டைக்கு இருந்தால், உன்ரை யாழ்தேவியைச் சுன்னாகத்திலையே மறிச்சு இறக்கியிருப்பார்.

இன்னொண்டு கேள். அந்த வாத்தியார், எஸ்.பொன்னுத்துரை, சு.வே., இ.நாகராஜன், எங்கடை காங்கேசன்துறையிலை பிறந்த குறமகள் எண்டு அஞ்சு பேர் சேர்ந்து ‘மத்தாப்பு’ எண்டு ஒரே நாவலை எழுதினவை. எஸ்.பொ.வுக்குப் பக்கத்திலை பேனை பிடிச்சுக்கொண்டு இருக்கிறதெண்டால் பகிடியே! ஒருத்தர் விட்ட இடத்திலை மற்றவர் பிடிக்கவேணும். பிடிக்கிறதெண்டால் முன்னுக்கு எழுதினதை ஒழுங்காய் வாசிக்கவேணும். இல்லாட்டி ரண்டாம் அத்தியாயத்திலை செத்தவள் மூண்டாம் அத்தியாயத்திலை தோசை சுட்டுக்கொண்டு நிப்பாள். ‘அருமை’ எண்டு சொல்லி நழுவ வழியில்லை.

நீயும் செய்து பாரன். ஏழாம் அத்தியாயத்தை, உனக்கு ஆகக் கூடப் பூ வைச்சவரிட்டைக் குடுத்து எழுதச் சொல்லு. உன்ரை ஆளின்ரை பேரே தெரியாமல் மனிசன் முழிக்கிற முழியைப் பார்க்க, நானும் அந்தக் குழுவிலை சேருவன்.

டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்திலை சலூன் வைச்சிருந்தவர் எண்டது உனக்குத் தெரிஞ்சிருக்கும். 1966 இலை ‘மல்லிகை’ச் சஞ்சிகையைத் தொடங்கி, 400 இதழுக்கு மேலை கொண்டுவந்த மனிசன். தெருத்தெருவாய்த் தானே கொண்டு திரிஞ்சு வித்தவர். எழுத்தாளருக்கு அந்தச் சலூனும் ஒரு சங்கக் கட்டடம்தான். அதிலை ஒரு வசதி இருந்திருக்கும், நான் யோசிச்சுப் பார்த்தன். கழுத்திலை கத்தி நிக்கேக்கை ஆர் என்ன கதை சொன்னாலும் தலையாட்ட ஏலாது.

சரி, மூஞ்சையைத் தொங்கப்போடாதை. அந்த ஆறாம் அத்தியாயத்தை எறியாதை, 1996 ஐயும் மாத்தாதை. ரயிலை மட்டும் எடு. அந்த நாளையிலை திருகோணமலையிலை காவல் கிடந்து கப்பலேறி வந்த சனம் இந்த ஒழுங்கைக்குள்ளையே இருக்குது. போய்க் கேள். பாஸ் என்ன, செக்கிங் என்ன, ஆர் ஆற்றை மடியிலை சத்தி எடுத்தது எண்டு ஒண்டும் விடாமல் சொல்லுவினம். அப்பிடி வந்து இறங்கினவன் தேத்தண்ணிக் கடையிலை நிண்டு பாட்டுக் கேக்கமாட்டான் மோனை, முதலிலை முகம் கழுவத் தண்ணி கேப்பான்.

எழுதி முடிச்சால் உடனை குழுவிலை போடாதை. குசினிக்குப் போ. அம்மம்மா மரக்கறி வெட்டேக்கை பக்கத்திலை இருந்து உரத்து வாசி. கேக்கிறாவோ எண்டு முகத்தைப் பாராதை; அவ உன்னிலை உள்ள பட்சத்துக்குச் சிரிச்சுக்கொண்டுதான் இருப்பா. எந்த வரியிலை அடுப்பைப் பார்க்க எழும்புறாவோ, அந்த வரிக்கு நேரை பென்சிலாலை ஒரு கோடு போடு. ரண்டாந்தரம் எழும்பினால் ரண்டு கோடு. பிறகு கோடு விழுந்த இடத்தையெல்லாம் திருப்பி எழுது. ஒரு நாளைக்கு அவ எழும்பவே மறந்து சோறு கருகிச்சுதெண்டால் என்னைக் கூப்பிடு. கடைச் சாப்பாட்டுக்கு நான் காசு தாறன்.