வந்துட்டியா அப்பு, மினசோட்டாவுல இருந்து?

வா அப்பு, உக்காரு. திண்ணையில தூசிதான் கிடக்கு, கடிக்காது.

ஊரு உனக்கு ஒத்துக்கலையாம்ல? உங்க ஆத்தா பொலம்புறா. ஹாரன் சத்தம் காதைத் துளைக்குதாம். குழாத் தண்ணி வயித்தைக் கலக்குதாம். இதே தண்ணியைக் குடிச்சுத்தானே மரம் மரமா ஏறித் திரிஞ்ச? வயிறு மறந்துருச்சுன்னா காய்ச்சிக் குடி. அதுக்கெதுக்கு ஒரு மணி நேரப் பிரசங்கம்?

நேத்து காரோட்டக் கிளம்புனியே, நானும் பார்த்தேன். இடப்பக்கக் கதவைத் திறந்து சட்டமா உக்காந்துட்ட. முன்னால ஸ்டீரிங்கைக் காணோம். உடனே எறங்குனா மானம் போயிரும்ல? டேஷ்போர்டைத் திறந்து எதையோ தேடுறாப்புல பாவலா பண்ணுன பாரு, அங்கன தெரிஞ்சுச்சு உன் படிப்பு!

காப்பி மிஷினு ஒண்ணு சொமந்துட்டு வந்தியே, அது என்னாச்சு? அமெரிக்காவுல கரண்டு 120 வோல்ட், இங்க 230. பிளக்கை மட்டும் மாத்துனா ஆச்சா? டப்புன்னு பொகைஞ்சுருச்சு. நீ ஏசுனது யாரை? நம்மூரு கரண்டை!

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. அங்க பனி கொட்டுச்சே, வாயைத் திறந்தியா? மண்வெட்டியைத் தூக்கி வாசல் பனியைத் தள்ளுன. பனியைச் சொல்லாத குத்தத்தை நம்மூரு வெயிலை மட்டும் ஏன் சொல்ற? அங்க சாப்பிட்ட தட்டை நீயே கழுவுன. கடையில வரிசையா நின்ன. இங்க வந்ததும் குடிச்ச டம்ளரு குடிச்ச இடத்துலயே உருளுது. பின்னாடி நில்லுன்னு ஒருத்தன் சொன்னா மூஞ்சி சுருங்குது. நல்ல பழக்கத்தையெல்லாம் ஏர்போர்ட்டுல போட்டுட்டு, குத்தம் சொல்ற வாயை மட்டும் பத்திரமாக் கொண்டாந்துட்டியோ?

1960கள்ல பர்மாவுல இருந்து நம்ம சனம் கப்பலேறித் திரும்பி வந்துச்சு. கடை கண்ணியைப் பறிகொடுத்துட்டு வந்தாக. 'ரங்கூன்ல இப்படியா இருந்துச்சு'ன்னு ஒப்பாரி வச்சா ஒல கொதிக்குமா? சென்னை பீச் ஸ்டேஷன்கிட்ட பர்மா பஜாரைப் போட்டாக. அங்கன தின்ன அத்தோ நூடுல்ஸை இங்கன கிண்டி வித்தாக. இன்னைக்கு மெட்ராஸ்காரன் நின்னு திங்குறான். போன ஊருச் சரக்கை இப்படில்ல கொண்டாரணும்?

ஒரு நிதி வருசத்துல 182 நாளு இந்தியாவுல இருந்துட்டா, வருமான வரிக்காரன் உன்னைய உள்ளூர்வாசின்னு எழுதிக்கிருவான். அவனே ஒத்துக்கிட்டாலும் நீ ஒத்துக்க மாட்ட போல!

சரி, பேங்குல வெளிநாட்டுல இருக்கவுக வைக்கிற அந்த என்.ஆர்.இ. கணக்கை மாத்திட்டியா? இருக்கவே வந்துட்டா மாத்தியாகணும்னு சட்டமாமே. இன்னும் மாத்தலையா? ஓகோ! வட்டிக்கு வரி இல்லைன்னதும் வெளிநாட்டுக்காரன் ஆயிட்டாக்கும்! நல்லாருக்கு அப்பு உன் கணக்கு. நாளைக்குக் காலையில நானும் கூட வாரேன். வரிசையில நிக்க உனக்குத் தொணை வேணும்ல?