தூண்டில் சூப்பர்வைசர்

சிப்காட்டில் குவாலிட்டி பார்த்து ரிட்டையரானவர் வீட்டில் சும்மா இருந்தால் சாம்பாரை ரிஜெக்ட் செய்வார். அதனால் ஞாயிறு விடிந்ததும் வீட்டம்மாவே தூண்டிலை எடுத்துக் கொடுத்து, கெலவரப்பள்ளி அணைக்கு அனுப்பிவிடுகிறார். ஓசூரில் இந்த இனம் பெருகிவருகிறது, மீனைவிட வேகமாக.

மற்றவர்கள் கொட்டாங்கச்சியில் மண்புழுவோடு கரையில் உட்கார்ந்திருக்க, இவர் டூல் பாக்ஸைத் திறப்பார். முள்ளுக்கு ஒரு அறை, தக்கைக்கு ஒரு அறை, எல்லாவற்றுக்கும் லேபிள். கோதுமை மாவை உருட்டி வரிசையாக வைத்து, பெருத்துப்போனதைக் கிள்ளிச் சரிசெய்வார். அதற்குள் பக்கத்துப் பையன் இரண்டு ஜிலேபியைத் தூக்கிப் பையில் போட்டிருப்பான். எட்டிப் பார்த்து, "அண்டர்சைஸ்" என்பார்.

அணையின் முழு மட்டம் 44.28 அடி. புள்ளிக்குப் பின்னால் உள்ளதையும் விடாமல் சொல்வார். நல்ல கட்லா எல்லாம் நடுத்தண்ணீரில்தான் என்பது அவர் கட்சி. அங்கே போகப் பரிசல் வேண்டுமே! வலை எடுக்க வந்த பரிசல்காரரைக் கேட்டார்:

"ஏம்ப்பா, ஒரு ரவுண்டு ஏறிக்கவா?"

"நீங்க ஏறுனா மீனுக்கு இடம் பத்தாது சார்."

படகு ஆசைதான் என்றால் அவதானப்பட்டி ஏரியில் மிதிபடகு இருக்கிறது என்று யாராவது சொன்னால் முறைப்பார். மிதிப்பதெல்லாம் ஆபரேட்டர் வேலையாம்.

மீன் கடிக்காத நாளில்தான் மனிதர் களைகட்டுவார். ஐந்து தடவை 'ஏன்' கேட்டால் மூலகாரணம் அகப்படும் என்பது டொயோட்டா காட்டிய வழி. மீன் ஏன் இல்லை? தண்ணீரில் ஆக்சிஜன் இல்லை. ஏன்? சாக்கடை. அது ஏன் வந்தது? நந்தி மலையில் பிறந்த தென்பெண்ணையில் பெலந்தூர், வர்த்தூர் ஏரிகளைத் தாண்டி பெங்களூருக் கழிவு சேர்கிறது. மதகைத் திறந்தால் ஏன் இப்படி நுரைத்து எழும்புகிறது? சோப்புத்தூள். (இந்த விசாரணையில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது.) ஐந்தாவது ஏனுக்குப் போனை எடுத்தார். மகள் குடியிருப்பது வர்த்தூர் பக்கத்து அடுக்குமாடியில்.

"அம்மாடி, வாஷிங் மெஷின் என்னைக்குப் போடுற?"

"சனிக்கிழமை நைட்டுப்பா. ஏன்?"

"செவ்வாய்க்கு மாத்திக்கோ. ஞாயித்துக்கிழமை இங்க எனக்கு புரொடக்‌ஷன் அடிவாங்குது."